டயல் டோனுக்குக் காத்திருக்காமல்

அவனும் மனைவியும் இருந்த அறைக்கு ஒரே கதவு. திறந்தால் முதலில் தெரிவது மாமனாரின் பிடரி. பிடரிக்கு அப்பால் கணிப்பொறித் திரை, திரையில் சதுரங்கப் பலகை. பல் தேய்க்கப் போனாலும் வேலைக்குப் போனாலும் அந்தப் பிடரியைத் தாண்டித்தான் போகவேண்டும். நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழைய இடமுண்டு. கல்யாணமான புதிதில் அவன் நேராகவே போய்வந்துகொண்டிருந்தான். இப்போது முடிவதில்லை. தொப்பை போட்டுவிட்டது என்றாள் மனைவி. நாற்காலி பின்னால் வந்துவிட்டது என்பது அவன் கட்சி.

தெருவில் அவனுக்கு மோடம் மாப்பிள்ளை என்று பேர். டெலிபோன் கம்பி வழியாக இணைய இணைப்புக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. இணைப்புக் கிடைக்காதவர்கள் போன் செய்து திட்டுவார்கள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய், மேசைக்கடியில் தவழ்ந்து, ஒட்டடையைத் தலையில் வாங்கிக்கொண்டு பார்ப்பான். கம்பியை மோடத்தின் தப்பான துளையில் செருகியிருப்பார்கள். அல்லது மாடியில் இருக்கும் இரண்டாவது ரிசீவரை யாரோ எடுத்துப் பேசிவிட்டுக் கோணலாக வைத்திருப்பார்கள். சில வீடுகளில் ஒரு கோளாறும் இருக்காது. அங்கேதான் அதிக நேரம் ஆகும், கோளாறு ஒன்றும் இல்லை என்று சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

பெற்றோர் இல்லாதவன். அக்கா வீட்டில் ஒரு மூலையில் பாய் போட்டுப் படித்தவன். பிறகு விடுதி, பிறகு நாலு பேர் பங்கு போட்டுக்கொண்ட மாடியறை. கல்யாணப் பேச்சு வந்தபோது, பெண்ணின் அப்பா, "எங்க வீட்டுல இடம் கிடக்கு, வாடகை எதுக்கு?" என்று கேட்டார். அது கேள்வி இல்லை, நிபந்தனை என்று அவனுக்குப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று. நண்பர்கள், "மாமியார் கை சாப்பாடு, மாமனார் வீட்டு மின்விசிறி. உனக்கென்னடா ராஜா" என்றார்கள்.

மாமியார் அந்த வருஷமே இறந்துபோனார். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வுபெற்ற மாமனார், ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிட்டுவிட்டு மறுபடி ஜன்னல். மனிதர் இப்படியே போய்விடுவாரோ என்று மகள் பயந்தாள். அவன்தான், கம்பெனியில் கழித்துக் கட்டிய பழைய கணிப்பொறிகளிலிருந்து ஒன்றின் வயிற்றையும் இன்னொன்றின் தலையையும் சேர்த்து ஒரு பெட்டியாக்கிக் கொண்டுவந்து, டெலிபோன் பக்கத்தில் வைத்து, மோடத்தைப் பொருத்தி, எங்கெங்கோ இருப்பவர்களுடன் சதுரங்கம் ஆடும் இடத்தைத் திறந்துவிட்டான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்படித்தான். மாமனார் பிழைத்துக்கொண்டார். டெலிபோன் செத்தது.

மோடம் ஓடும்போது வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் 'லைன் பிஸி'. காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை ஓடும். தன் அக்காவோடு பேச அவன் தெருக்கோடி டெலிபோன் பூத்துக்குப் போவது வழக்கமாகிவிட்டது. வீட்டில் போன் இருக்கிறவன் பூத்தில் நிற்பதைப் பார்த்து பூத்துக்காரர், "என்ன சார், சின்ன வீடா?" என்று கண்ணடித்தார்.

தனிக்குடித்தனம் பற்றி ஒருமுறை பேச்செடுத்தான். மாமனார் கோபப்படவில்லை. "போங்க, போங்க. உங்க இஷ்டம்" என்றார். அன்றிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் நின்றபடி சாப்பிட ஆரம்பித்தார். ஒரு வாரம். மகள் அழுது மன்னிப்புக் கேட்ட பிறகுதான் மேசைக்குத் திரும்பினார். பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆகவே காகித ஆலை வேலைக்கு மனுப் போட்டதைப் பற்றி அவனும் மனைவியும் மூச்சுவிடவில்லை. ஆலை வேறு ஊரில் இருந்தது. அங்கே உள்ள கணிப்பொறிகளையும் டெலிபோன் இணைப்புகளையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். குடியிருப்பு உண்டு. இரண்டு அறை, சமையலறை தனி. நேர்காணலுக்கு, ஏதோ பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போய்வந்தான். வரும் வழியில் குடியிருப்பை ஒரு எட்டுப் பார்த்தான். மனைவி கேட்ட முதல் கேள்வி, "நம்ம அறைக்கு எத்தனை கதவு?"

"ரெண்டு. ஒண்ணு பின்பக்கம், தோட்டத்துக்குப் போகுது."

தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தவள் அதே உறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

முடிவைப் போனில் சொல்வதாக ஆலை அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். எந்த எண்ணைக் கொடுப்பது? கம்பெனி எண்ணைக் கொடுத்தால் முதலாளிதான் எடுப்பார். மனைவி வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் போன் டாக்டரின் மேசையில் இருந்தது. அவசரமென்றால் கூப்பிடலாம், முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டால் டாக்டர் குதறிவிடுவார். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சேதி சொன்னால் அது மாமனாருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் சொன்னவருக்கே திரும்பி வரும். வீட்டு எண்ணைத்தான் கொடுத்தான். கொடுத்துவிட்டு வெளியே வந்தபோதுதான், அந்த எண்ணுக்கு யாரும் கூப்பிட முடியாது என்பது உறைத்தது.

முதலில் ஒரு பொய் சொல்லிப் பார்த்தான். "மாமா, மோடம் ரொம்பச் சூடாகுது. காலைல ஒரு மணி நேரம், மத்தியானம் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்கணும். இல்லேன்னா கருகிடும்."

"அப்படியா?" என்றார் மாமனார் கவலையாக. சாயங்காலம் அவன் திரும்பியபோது, தன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மேசை விசிறியைக் கொண்டுவந்து மோடத்துக்கு நேராக வைத்திருந்தார். அவருக்கு வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. "தொட்டுப் பாருங்க மாப்ளே. ஐஸ்."

அந்த வாரமே டெலிபோன் நிலையத்தில் என்னவோ மாற்றினார்கள். ரிசீவரை எடுத்தால் ஒரே இழுப்பாக வரவேண்டிய டயல் டோன், விக்கல் போல விட்டுவிட்டு வந்தது. மனிதர்களுக்குத் தொந்தரவில்லை. பழைய மோடங்கள் மட்டும் அதை டயல் டோன் என்றே ஏற்றுக்கொள்ளாமல், 'டயல் டோன் இல்லை' என்று திரையில் எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டன. ஊரெல்லாம் புகார். அவன் வீடு வீடாகப் போய்ச் சரிசெய்தான். சரிசெய்வது ஒரு நிமிஷ வேலை. 'டயல் டோன் வரும்வரை காத்திரு' என்று அமைப்பில் ஒரு கட்டம் இருக்கும். அதில் உள்ள குறியை எடுத்துவிட்டால், மோடம் டோன் வந்ததா வரவில்லையா என்று பார்க்காமல், லைனை எடுத்த கையோடு எண்ணைச் சுழற்றிவிடும்.

தன் வீட்டில் மட்டும் அந்தக் குறியை எடுக்கவில்லை. "ஊர் முழுக்க இதே கதைதான் மாமா. மேலிடத்துல பார்க்கறாங்க" என்றான். இரண்டு நாள் டெலிபோன் சும்மா கிடந்தது. மாமனார் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காகித ஆலையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் முதலாளி அவனைக் கூப்பிட்டு ஒரு புகாரை நீட்டினார். முகவரியைப் படித்தான்.

"என்னய்யா இது? உங்க வீடு மாதிரி இருக்கு?"

"எங்க வீடுதான் சார்."

"பெரியவர் போன்ல என்னைப் பிடிச்சு உலுக்கிட்டார். 'உங்க ஆளு ஊரையெல்லாம் சரி பண்றான், மாமனார்னா மட்டும் இளப்பமா'ன்னு கேக்கறார். எனக்குப் பதில் இல்லை. உனக்கு இருக்கா?"

பக்கத்து மேசைக்காரன், "சம்மன் வந்துட்டா ஆஜராகணும்ணே" என்றான்.

அன்று அவன் கம்பெனிப் பையோடு தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான். குறியை எடுத்தான். மோடம் கிறீச்சிட்டு, இரைந்து, அடங்கியது. மாமனார் முகத்தில் ரத்தம் ஊறியதைப் பார்த்தான். மனசு கேட்கவில்லை. அவருக்கு இன்னொரு குறையும் இருந்தது. இணைப்பு அறுந்தால் ஆட்டத்தில் இரண்டு நிமிஷம் அவகாசம். அதற்குள் திரும்பாவிட்டால் தோற்றதாகக் கணக்கு. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பொத்தானைத் தேடுவதற்குள் அவருக்கு அந்த நேரம் போய்விடும். 'இணைப்பு அறுந்தால் தானாக மறுபடி அழை' என்ற கட்டத்தில் ஒரு குறியைப் போட்டுக் கொடுத்தான்.

"இனிமே நீங்க ஒண்ணும் தொட வேண்டாம் மாமா. அதுவே பார்த்துக்கும்."

"இதைத்தானே இத்தனை நாளாக் கேட்டேன்" என்றார் மாமனார்.

மறுநாள் வேறொரு யோசனை வந்தது. வந்த வேகத்தில் தன்னைத்தானே மெச்சிக்கொண்டான். டெலிபோன் நிலையத்தில் கால் வெயிட்டிங் என்று ஒரு வசதி இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது வேறு யாராவது கூப்பிட்டால் காதில் 'டுக்' என்று ஒரு ஒலி விழும். மனிதர்கள் அதைக் கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்வார்கள். மோடம் கேட்டால் மிரண்டு இணைப்பை விட்டுவிடும். வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் அவன் முதலில் சொல்வது, அந்த வசதியை எடுத்துவிடுங்கள் என்பதுதான். தன் வீட்டுக்கு அதைக் கேட்டு வாங்கினான். டெலிபோன் நிலைய குமாஸ்தா தெரிந்தவர், மாமனாரின் கையெழுத்துக்குக்கூட வற்புறுத்தவில்லை. ஆலையிலிருந்து கூப்பிட்டால் மோடம் மிரளும், லைனை விடும், டெலிபோன் அடிக்கும். மாமனார் எடுத்தால்கூட யாரோ கூப்பிட்டார்கள் என்ற சேதியாவது வரும். மனைவியிடம் சொன்னபோது அவளும், "பரவாயில்லையே, மூளை இருக்கு" என்றாள்.

வாரம் நகர்ந்தது. போன் அடிக்கவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது மாமனார் உற்சாகமாக இருந்தார். "மாப்ளே, நீங்க போட்டுக் கொடுத்தது பிரமாதம். இன்னிக்குக் காலைல சட்டுனு அறுந்துது. நான் ஐயோன்னு வாயைத் திறக்கறதுக்குள்ள அதுவே நம்பரைப் போட்டுது. ஆனா முதல் தடவை கிடைக்கலை. யாருக்கோ போட்ட மாதிரி சும்மா கத்திட்டு ஓய்ஞ்சுது. ரெண்டாவது தடவை ஒட்டிக்கிச்சு."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த விரல்கள் நின்றன.

"நேத்தும் இப்படி ஆச்சா மாமா?"

"நேத்து ஒரு தரம். முந்தாநாள்கூட. ஏன், கோளாறா?"

"இல்ல. நல்லாத்தான் ஓடுது."

மனைவி அவனைப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. அவனுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கிக்கொண்டிருந்தது. ஆலையிலிருந்து கூப்பிடுகிறார்கள். மோடம் மிரண்டு லைனை விடுகிறது. டெலிபோன் அடிக்க வாயெடுக்கிறது. அதற்குள் மோடம், அவன் சொல்லிக்கொடுத்தபடி, தானாக மறுபடி லைனை எடுக்கிறது. எடுத்ததும் டோன் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அதுவும் அவன் சொல்லிக்கொடுத்ததுதான். கூப்பிட்டவர் காதிலேயே எண்ணைப் போடுகிறது.

மறுநாள் பூத்திலிருந்து ஆலைக்குப் பேசினான். அலுவலகத்துப் பெண் எடுத்தாள். அவன் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"ஓ, நீங்கதானா அது! சார், உங்க வீட்ல சின்னக் குழந்தை இருக்கா?"

"இல்லையே."

"அப்ப யாரு போனை எடுத்து நம்பரா அமுக்கறது? நான் ஹலோ ஹலோன்னு கத்தறேன், அந்தப் பக்கம் டிங் டொங்குனு அமுக்கிக்கிட்டே இருக்காங்க. மேனேஜரே ஒரு தரம் எடுத்தார். அவர் காதுலயும் அமுக்கிட்டாங்க."

"அது வந்து... மோடம்ங்க."

"மோடமா? அதைப் பார்த்துக்கத்தானே சார் உங்களை எடுக்கறாங்க?"

பூத்துக்காரர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளே இரங்கினாள். "மேனேஜர் இன்னிக்கு வெளியூர். நாளைக்குக் காலைல வந்ததும் கூப்பிடச் சொல்றேன். கடைசித் தடவை. அதுக்கும் இதே கச்சேரின்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவார்."

"நானே கூப்பிடட்டுமா?"

"வேண்டாம் சார். அவர் எப்ப வருவார், எப்ப கிளம்புவார்னு எனக்கே தெரியாது. வீட்ல இருங்க. அந்தக் குழந்தையை மட்டும் கொஞ்சம் தூக்கி வெச்சுக்கங்க."

மாலையில் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது மனைவியிடம் சொன்னான். அந்த வீட்டில் பிடரி தெரியாமல் பேசக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

"கம்பியைப் பிடுங்கிப் போட்டுடுங்க" என்றாள்.

"பிடுங்கினா உங்கப்பா என்ன பண்ணுவார்? புகார் சொல்ல எங்க கம்பெனிக்குப் போன் போட்டு, காலை முழுக்கப் பேசிக்கிட்டே இருப்பார். அப்பவும் லைன் கிடைக்காது."

"அப்ப சொல்லிடலாமா?"

"நீதான் சொல்லணும்."

அவள் துணிக் கவ்விகளைக் கைக்குள் சேர்த்துக்கொண்டே போனாள். "வேலை வரட்டும். வராத வேலைக்கு எதுக்கு இப்பவே அவரை நிக்க வெச்சுச் சாப்பிட விடணும்?"

மறுநாள் வயிறு சரியில்லை என்று வேலைக்குப் போகவில்லை. மாமனார் முன்னதாகவே உட்கார்ந்துவிட்டார். அவர் குளிக்கப் போன நேரத்தில் அவன் நாற்காலியில் சரிந்து, 'தானாக மறுபடி அழை' என்ற குறியை எடுத்தான். அது ஒன்று போதும். மோடம் லைனை விட்டால் விட்டதுதான். டெலிபோன் அடிக்கலாம்.

"நல்லா ஓடறதை எதுக்கு நோண்டறீங்க?" மாமனார் தலையைத் துவட்டியபடி நின்றிருந்தார்.

"சும்மா பார்த்தேன் மாமா."

"வயித்து வலிக்காரர் போய்ப் படுங்க."

படுக்கவில்லை. அவருக்குப் பின்னால் சுவரோரம் நின்றான். மாமனார் திரும்பிப் பார்த்தார். "ஆட்டம் பார்க்கறீங்களா? பாருங்க. இந்த ஆளு பெரிய கை. மூணு தரம் என்னைத் தோற்கடிச்சவன். இன்னிக்கு ராணியை விட்டுட்டு முழிக்கிறான்." குரலில் இருந்த துள்ளல் அவனுக்குச் சங்கடமாக இருந்தது. மனைவி வேலைக்குக் கிளம்பி, நாற்காலிக்குப் பின்னால் ஒருக்களித்து அவனைக் கடந்தாள். வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

மாமனார் குதிரையை நகர்த்தப் போனார். திரை உறைந்தது. டெலிபோன் அடித்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் அது அடித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. மாமனாரின் கை நீள்வதற்குள் அவன் பாய்ந்து எடுத்தான்.

"ஹலோ. ஆமா சார், நான்தான்."

"அறுந்துபோச்சு மாப்ளே" என்றார் மாமனார். "அதுவே போடும்னீங்களே?"

மேனேஜருக்கு அவசரமே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். போன முறை காதில் விழுந்த சத்தத்தைப் பற்றி விசாரித்தார். தன் மகன் வீட்டிலும் ஒரு மோடம் படுத்துவதைச் சொன்னார். அவன், "ஆமா சார், ஆமா சார்" என்றான். மாமனார் மேசையில் விரலால் தட்டினார்.

"யாரு அது? அப்புறம் பேசச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷம்தான் மாப்ளே. ஜெயிக்கிற ஆட்டம்."

"முதல் தேதி சேர முடியுமா?" என்று கேட்டது போன்.

"மாப்ளே!"

"முடியும் சார்" என்றான். குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. "வரேன் சார். குடும்பத்தோட வரேன்."

இன்னும் ஏதோ சான்றிதழ்கள், இரண்டு புகைப்படம் என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே போனார். முடித்து ரிசீவரை வைத்தபோது திரையில் ஒரு சின்னப் பெட்டி, மறுபடி அழைக்கவா என்று கேட்டுக்கொண்டிருந்தது. மாமனார் அதைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?"

சொன்னான். ஆலை, ஊர், முதல் தேதி. குடியிருப்பைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னதற்கு, நினைத்ததைவிடக் குறைவான வார்த்தைகளே தேவைப்பட்டன.

மாமனார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டார். "சரி. முதல்ல இதைப் போடுங்க" என்றார் திரையைக் காட்டி. "இன்னும் நேரம் இருந்தாலும் இருக்கும்."

ஒரு பொத்தான்தான். குனிய வேண்டியதுகூட இல்லை. அவன் கை மவுஸ் வரை போய், அங்கிருந்து டெலிபோனுக்குப் போயிற்று.

"அவகிட்டச் சொல்லணும் மாமா. லைன் வேணும்."

பரிசோதனைக் கூடத்தில் டாக்டர்தான் எடுத்தார். அவசரம் என்றான். காத்திருக்கச் சொன்னார்கள். மாமனார் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, அசையாத பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய குதிரை நின்ற இடத்திலேயே நின்றது.

"என்னங்க?" என்றாள் மனைவி, மூச்சு வாங்கியபடி.

"கிடைச்சிடுச்சு. முதல் தேதி."

அவள் குரலைத் தாழ்த்தி, "அப்பா பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார்."

"நான் வந்து பக்குவமாப் பேசிக்கறேன். நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க."

"சொல்லிட்டேன்" என்றான்.

அந்தப் பக்கத்தில் யாரோ கண்ணாடிக் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் ரிசீவரை வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை.